துண்டு இல்லாத மருந்து

“பிள்ளை, என்ர மகனுக்கு மூண்டு நாளாத் தடிமன். ஒரு கிழமைக்கு அன்டிபயோட்டிக் குளிசை தாருங்கோ.”

சுதர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். மலையகத்து நோர்வூட்டின் மழையில் பாதி நனைந்தபடி யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பாமசி வாசலில் நின்றார். ஊருக்குப் புதியவர்.

“டொக்டர் துண்டு இருக்குங்களாம்மா?”

“கேட்டனான் பிள்ளை. எழுதித் தரேல்லை. அதுதானே இஞ்ச வந்தனான்.”

“அப்ப நானும் குடுக்க முடியாதுங்கம்மா. இந்தச் சளிக்கு அந்த மாத்திரை கேக்காது. சும்மா சும்மா போட்டுப் பழகிட்டா, நாளைக்கு நிமோனியா மாதிரி பெருசா ஒண்ணு வர்றப்ப மருந்து வேலை செய்யாமப் போயிரும். மூச்சு வாங்குதுங்களா? காய்ச்சல்?”

“அதெல்லாம் இல்லை. ஆனா ஒழுங்காச் சாப்பிடுறானில்லை. படு எண்டாலும் படுக்கிறானில்லை.”

சுதர்ஷினிக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆஸ்பத்திரியின் புது டொக்டர் வந்து விளக்கிச் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து, தினமும் நாலைந்து பேரை இப்படித்தான் திருப்பி அனுப்புகிறாள். சிலர் பிறகு இந்தப் பக்கமே வருவதில்லை.

தேயிலைத் தோட்டத்து அழகன் இன்னும் போகாமல் ஓரமாக நின்றான். மகளின் தடிமனுக்கு அதே மாத்திரை கேட்டு, சற்று முன் அதே பதிலை வாங்கிக்கொண்டவன்.

“எல்லாம் அந்தப் புது டொக்டர் போட்ட சட்டம்மா. லயத்துப் புள்ளைங்கன்னா சுடுதண்ணி போதும். அவரு வீட்ல ஒருத்தருக்கு வந்தா இப்படி விட்டுருவாரா?”

அந்தச் சந்தேகம் சுதர்ஷினிக்கும் இருந்தது. அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“உப்புத்தண்ணியில கொப்பளிக்கச் சொல்லுங்க. நல்லா ஓய்வு எடுக்கட்டும். ஒரு வாரத்துல தானா விட்டுரும். மனசு கேக்கலைன்னா மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா.”

அம்மா பெருமூச்சோடு குடையை விரித்தார்.

“அங்கதான் பிள்ளை நிக்கிறான். காலமை தொடக்கம் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உங்கட சனத்துக்கு மருந்து எழுதுறான். தனக்கு மட்டும் ஒரு துண்டு எழுத மாட்டானாம்.”

அழகன் சுதர்ஷினியின் பக்கம் நகர்ந்து வந்தான்.

“தங்கச்சி, அந்த உப்புத்தண்ணி... ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு சொன்னீங்க?”