ஊமைப் பெட்டி

மச்சினன் டிரம்ஸ் குச்சிகளை எடுத்து நாலு அடி அடித்ததுமே டிக் டிக் பெட்டி மறுபடியும் ஊமையாகிவிட்டது. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

பேப்பர் பண்டல் மேல் உட்கார்ந்திருந்த பைண்டருக்குச் சந்தேகமே இல்லை. பயல் ஏதோ தில்லுமுல்லு செய்கிறான்.

அச்சகத்து ஊழியர்கள் சேர்ந்து நடத்தும் இசைக்குழு அது. ஷிப்ட் முடிந்ததும் பேப்பர் குடோனில் ஒத்திகை நடக்கும். இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, காதைக் கிழிக்கும் ஒரு டிரம்பெட், அப்புறம் டிரம்ஸ். ஒன்பது வருஷமாக அந்த டிரம்ஸ் பைண்டரைத் தவிர வேறு கையைப் பார்த்ததில்லை.

போன மாதம், வீட்டுக்காரியின் நச்சரிப்பு தாங்காமல் அவள் தம்பியைக் கட்டிங் மெஷின் வேலையில் சேர்த்துவிட்டார். வந்தவன் வந்த வேலையைப் பார்த்தால் என்ன? "நானும் கொஞ்சம் டிரம்ஸ் வாசிப்பேன் மாமா" என்று வந்து நின்றான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று பைண்டர் அன்றே நொந்துபோனார்.

அதே சமயத்தில்தான், குழுவை நடத்தும் புரூஃப் ரீடர் இந்தப் பெட்டியை வாங்கி வந்தார். ஒரே சீராக டிக், டிக் என்று தாளம் சொல்லும். டிரம்பெட் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று அதை ஒரு ஸ்பீக்கரோடு இணைத்து, டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாரும் இதோட போங்க. யாரும் ஓடவும் வேணாம், யாரும் பின்தங்கவும் வேணாம்" என்றார். அடுத்து வரும் இசைப் போட்டியில் டிரம்ஸ் யார் என்பதை இன்று சொல்வதாகவும் சொல்லியிருந்தார்.

"என் தம்பி வாசிக்கறதை எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்களாமே?" என்று காலையில் சட்டைக்குப் பட்டன் தைத்தபடியே வீட்டுக்காரி கேட்டிருந்தாள். அப்போது பிடித்த வயிற்றெரிச்சல் பைண்டருக்கு இன்னும் அடங்கவில்லை. ஒன்பது வருஷத்தில் அவள் இவருக்கு ஒரு 'ஆகா' கூடச் சொன்னதில்லை.

அதனால் இன்று தயாராக வந்திருந்தார். எல்லாரும் வருவதற்கு முன்னாலேயே பெட்டியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மேல் ஒரு துண்டு பைண்டிங் துணியை ஒட்டி, பசை காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். அதை இனி கடப்பாரை போட்டால்தான் பெயர்க்க முடியும்.

முதலில் பைண்டரே வாசித்தார். பெட்டி, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கணீர் கணீரென்று பேசியது. எழுந்து இடத்தைக் கொடுத்தார். மச்சினன் உட்கார்ந்தான், பெட்டி வாயை மூடிக்கொண்டது.

பைண்டர் குனிந்து, டிரம்ஸுக்குப் பின்னால் பூனை நடை நடந்தார். ஒட்டிய துணி ஒட்டியபடி இருந்தது. ஒயர் இருந்தது. பெட்டியின் சிவப்பு விளக்குகூட விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை!

"நிறுத்துங்க!" என்று கத்தினார்.

எல்லாரும் சட்டென்று நிறுத்தினார்கள். அந்த அமைதியில் பெட்டி மட்டும் பேசியது. டிக், டிக், டிக்.

"பாத்தீங்களா? மாட்டிக்கிட்டதும் திரும்பப் போட்டுட்டான்!"

"நான் எதையும் தொடலையே மாமா. ரெண்டு கையிலயும் குச்சிதானே இருக்கு?"

"கால் சும்மாவா இருக்கு? எனக்கே டிமிக்கி குடுக்கறியா? அக்கா புருஷன்னுகூடப் பாக்காம..." பைண்டருக்கு மூச்சு வாங்கியது.

கிட்டார்காரர் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு, இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

புரூஃப் ரீடர் எழுந்து வந்து, ஒட்டியிருந்த துணியைப் பார்த்தார். நகத்தால் சுரண்டியும் பார்த்தார். அசையவில்லை. "இப்ப என்னதான் பிரச்சினை?" என்றார்.

"இவன் உக்காந்தா டிக் டிக் கேக்கறதில்லை சார்! மூணு நாளாப் பாக்கறேன். பெட்டியை எப்படியோ அமுக்கிட்டு, இஷ்டத்துக்கு வாசிக்கறான். அதுக்கு ஆகா ஓகோ வேற! நான் என்னிக்காவது அப்படிப் பண்ணியிருக்கேனா? நான் வாசிக்கறப்ப ஒரு டிக்காவது கேக்காமப் போயிருக்கா? இத்தனை பேர் இருக்காங்க, கேளுங்க!"

டிரம்பெட் வாசிக்கும் மெஷின்மேன், தலையைத் தூக்காமல் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போட்டிக்குத் தம்பியே வாசிக்கட்டும்" என்றார் புரூஃப் ரீடர்.

பைண்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப டிக் டிக் எங்க போச்சு? அதுக்குப் பதில் சொல்லுங்க முதல்ல!"

புரூஃப் ரீடர் கண்ணாடியைக் கழற்றினார். பிழை விட்டவரிடம் எப்போதும் பேசும் அதே தணிந்த குரலில் சொன்னார்:

"டிரம்ஸ் அடி அச்சா அந்த டிக் மேலயே விழுந்தா, டிக் அதுக்குள்ள அமுங்கிடும். முன்னப்பின்ன விழுந்தாத்தான் தனியாக் கேக்கும்."

கொஞ்சம் தயங்கிவிட்டு, பைண்டரின் தோளில் கை வைத்தார்.

"நீங்க வாசிச்சா, ஒண்ணு விடாமக் கேக்குது."