பெருவிரல் குழி

1893 ஐப்பசி. கம்பம் ஆஸ்பத்திரியில் என் மனைவி இருதயம்மாளின் மூக்குக்கு இருபுறமும் சிவந்த தடிப்பு வண்ணத்துப்பூச்சிபோல் விரிந்திருந்தது. சிறுநீரகம் பழுதாகிக் கால்கள் வீங்கின. தினமும் காலையில் அவள் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தி, விழுந்த குழி நிரம்பும்வரை எண்ணுவேன். பத்துக்குள் நிரம்பினால் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்ன, மாவு பதமா பாக்குறீக?" என்று அவள் சிரிப்பாள்.

எண்ணிக்கை ஐம்பதானது, எழுபதானது. தொண்ணூறு எண்ணிய அன்று இறந்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், கல்லறையின் கால்மாட்டில் ஈரமண்ணைப் பழக்கத்தில் அழுத்தினேன். எட்டு எண்ணுவதற்குள் குழி தானாக மேலெழுந்து சமமானது. மறுபடி அழுத்தினேன். ஆறு.

எங்கள் வீடு இருக்கும் கூடலூருக்கு வண்டி பேசினேன். "ஒத்தை ஆளுதானய்யா?" என்றார் வண்டிக்காரர். இல்லை என்றேன். அவள் கால் நீட்டி உட்கார, வைக்கோலைக் கூடுதலாகப் போடச் சொன்னேன்.