நாலு மணிச் சத்தம்

“புல்லு வெட்டலைன்னாலும் பரவாயில்லண்ணே. சத்தம் மட்டும் குறையக்கூடாது. ஜன்னலைச் சாத்தினாலும் மாடி ரூமுக்குள்ள கேக்கணும்.”

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, மூலை வீட்டுப் பெரியவரின் மகனை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாகப் புல் வெட்டும் மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். சத்தம் தாங்கலை, புகை தாங்கலை என்று வந்து புலம்பியவர்கள் எத்தனையோ பேர். சத்தம் வேணும் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவன்தான்.

பேசாமல் பேட்டரி மெஷினுக்கு மாறிவிடு தம்பி என்று நல்லதைத்தான் எடுத்துச் சொன்னார். பட்டனை அமுக்கினால் ஓடும். பெட்ரோல் ஊற்ற வேண்டாம், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழல வேண்டாம், பக்கத்தில் கைக்குழந்தை தூங்கினாலும் விழிக்காது. பெட்ரோல் மெஷினுக்கு இருக்கிற ஒரே பெருமை, முழங்கால் உயரப் புல்லையும் அசராமல் வெட்டும் என்பதுதான். உங்க வீட்டில் அவ்வளவு புல்லா மண்டிக் கிடக்கு?

அதெல்லாம் வேண்டாம் என்றான் அவன். அப்பாவின் பழைய மெஷினையே சரிபண்ணி, அன்றைக்கே நாலு மணிக்குள் வீட்டில் கொண்டுவந்து இறக்கச் சொன்னான். சனிக்கிழமையானால் நாலு மணி தப்பவே கூடாதாம்.

பெரியவர் மெக்கானிக்குக்குப் பழக்கம். “வீட்டுக்காரிக்கும் எனக்கும் பேச்சு நின்னு ஒன்பது வருஷமாச்சு. அவ மாடியில, நான் கீழே. எங்க வீட்டுல வாயைத் திறக்கிறது இந்த மெஷின் ஒண்ணுதான்” என்று சொல்லிச் சிரிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மகன் உடம்பை வீட்டுக்குக்கூடக் கொண்டுவராமல், அங்கிருந்தே எல்லாவற்றையும் முடித்துவிட்டான்.

மத்தியானம் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னதும், மெக்கானிக்கின் மனைவி தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள். பெரியவரின் மனைவி படுத்த படுக்கை. பார்க்க வருகிற சொந்தக்காரர்களை எல்லாம், இதயம் பலவீனமாக இருக்கிறது, பேசக் கூடாது என்று மகன் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறான். தெரு முழுக்க இதே பேச்சுதான்.

“பெத்தவளை என்ன பாடு படுத்துறானோ. அது போடுற கூச்சல் வெளியே கேட்டுடக்கூடாதுன்னுதான் மெஷினைப் போடுறான்” என்றாள். “அப்பனுக்கு ஆன கதி அம்மாவுக்கும் ஆகறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க.”

பெரியவரின் மெஷின் மூன்று மணிக்கே தயாராகிவிட்டது. மெக்கானிக் அதைக் கடையிலேயே ஓரங்கட்டிவிட்டு, பேட்டரி மெஷினை வண்டியில் ஏற்றினார். சத்தம் இல்லையென்றால் உள்ளே நடப்பது தெரிந்துவிடும் அல்லவா?

வாசலில் காத்திருந்த மகனுக்கு அதைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது. பழசு எங்கே என்று கேட்டான். கடையில் இருக்கிறது, இது அதைவிட நன்றாக வெட்டும் என்றார் மெக்கானிக். அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

“நானே போய் எடுத்துட்டு வந்துடறேன். மாடிப் பக்கம் மட்டும் போயிடாதீங்கண்ணே.”

கார் தெருமுனை திரும்பும் வரை மெக்கானிக் பொறுத்திருந்தார். பிறகு ஒப்புக்குப் பட்டனை அமுக்கி மெஷினைத் தள்ளினார். டேபிள் ஃபேன் மாதிரி மெல்ல முனகியது. அவர் நின்ற இடத்தில் வெட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லை. மாடி ஜன்னலுக்கு நேர் கீழே புல்லெல்லாம் வேரோடு போய், வெறும் மண் தேய்ந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. இது என்ன கூத்து என்று அவர் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார்.

மெஷினை நிறுத்தினார். மணி நாலே கால். அப்போது மாடியில் தடியால் தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கூடவே, யாராவது இருக்கீங்களா என்று ஒரு தீனமான குரல்.

மெக்கானிக் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். கதவு பூட்டியிருக்கவில்லை, சும்மா சாத்தியிருந்தது. துவைத்த விரிப்பு, வேளை வாரியாக அடுக்கிய மாத்திரைகள். கட்டிலில் எலும்பும் தோலுமாக அந்த அம்மா. எழுந்து உட்காரப் பார்த்து முடியாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“பயப்படாதீங்கம்மா, உங்க பையன் வெளியே போயிருக்கான். என்ன கொடுமை நடக்குதுன்னு தைரியமா எங்கிட்ட சொல்லுங்க” என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னது அந்த அம்மாவின் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. அவருடைய சட்டையைப் பற்றி இழுத்தாள்.

“மெஷின் சத்தத்தையே காணோமே, அந்த மனுஷனுக்கு என்னப்பா ஆச்சு?”