மரியாதைப் பாடம்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து மருத்துவமனை. பிரசவ வார்டில் பிற்பகல் வெயில் நர்ஸ்களின் மேசைவரை வந்து கிடக்கிறது. கறுப்பினத் தாய்மாரை மரியாதையாக நடத்துவது எப்படி என்ற கட்டாயப் பாடத்தைக் கணினியில் ஓடவிட்டு, நர்ஸ் டார்லீன் சர்க்கரை தூவிய டோனட் தின்கிறாள். எதிர் அறைக் கதவின்மேல் அழைப்பு மணியின் சிவப்பு விளக்கு விடாமல் மின்னுகிறது. "நர்ஸ்! தலை வருது!" உள்ளே கறுப்பினப் பெண் கியாண்ட்ரா பிரசவ வலியில் அலறுகிறாள். "இதுங்களுக்கு எப்பவும் கூப்பாடுதான். வலியெல்லாம் நல்லாத் தாங்கும்," என்று பக்கத்து நர்ஸிடம் சொல்லியபடி டார்லீன் அழைப்பு மணியை அணைக்கிறாள். "எனக்கு எதுக்குடி இந்தப் பாடம்? நான் எல்லாரையும் ஒண்ணாத்தானே பாக்கறேன்!" கதவு படாரென்று திறக்கிறது. முழங்கைவரை ரத்தத்தோடு நிற்கிறான் கியாண்ட்ராவின் கணவன் லமான்ட். அவனுடைய சட்டையில் சுற்றிய குழந்தை வீறிடுகிறது. "நானே எடுத்தேன். அவளுக்கு ரத்தம் நிக்கல. இப்பவாவது வாங்க!" சர்க்கரை ஒட்டிய விரல்களால் டார்லீன் போனை எடுக்கிறாள். "செக்யூரிட்டியா? சீக்கிரம் வாங்க. இங்க ஒருத்தன் கத்துறான்."