பொறுப்பாளர் இல்லாத எண்

“இந்த ஒரு வரிக்கு மட்டும் ஏன் பேர் இல்ல?” என்று திரையைத் தட்டிக் கேட்டார் ஓக்னியான்.

“அதான் சார் தெரியல,” என்றான் பிளாமென், வாய் நிறைய சாக்லேட்டோடு. பெட்டியில் பாதியை அவனே காலி செய்திருந்தான்.

அன்று ஓக்னியானின் அம்மா ஸ்தான்காவுக்கு எண்பத்து மூன்றாவது பிறந்தநாள். நல்ல நாள் கண்ட வீட்டுக்காரர்தான் ஊருக்கு இனிப்புத் தர வேண்டும். காலையிலேயே பெட்டியை நீட்டி எல்லோரிடமும் வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

ரூசே நகரத் தொலைபேசி நிறுவனத்தில் சிக்னல் பிரிவுக்கு அவர் தலைவர். யாராவது ஓர் எண்ணை அழைத்தால் அந்த அழைப்பை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கருவிக்குச் சொல்லும் அட்டவணை அங்கேதான் இருக்கிறது. ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள். காலை எட்டு மணிக்குத்தான் அதைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியிருந்தார்கள். பழையது எதையும் கேட்காமல் வேலை செய்தது. புதியதோ ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் கேட்டது. அந்த வரி வழியாக எத்தனை அழைப்பு போனது என்றும் எண்ணிக் காட்டியது.

“யாருக்குமே கொடுக்காத நம்பர் சார் இது,” என்றான் பிளாமென். “யாராவது கூப்பிட்டா வேற எங்கேயோ திருப்பி விடுது. எங்கேன்னு பாத்தா வெறும் குறியீடு. பேய் நம்பர்!”

“பேயாவது பிசாசாவது! எவனோ அனுமதி இல்லாம நுழைச்சிருக்கான். யாருன்னு தெரிஞ்சா அன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கிடுவேன். ரும்யானா, இதை அழிச்சிடு.”

இருபது வருடமாக அங்கே வேலை பார்க்கும் ரும்யானா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மதியம் பன்னிரண்டேகால் வரைக்கும் விட்டுப் பாப்போமே சார். யாராவது உபயோகிக்கிறாங்களான்னு தெரிஞ்சுடும்.”

“அதென்ன கணக்கு, பன்னிரண்டேகால்?”

“சும்மாதான் சார்.”

சரி, ஒழியட்டும் என்று விட்டார். நல்ல நாளில் யாரையும் கடிந்துகொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

“அம்மா எப்படி சார் இருக்காங்க?” என்றான் பிளாமென், அடுத்த சாக்லேட்டை உரித்தபடி.

“மறதி கூடிக்கிட்டே போகுதுப்பா. சூப்புல ரெண்டு தடவை உப்புப் போடறாங்க. பக்கத்து வீட்டுக்காரி பேரு மறந்துபோச்சு. முதியோர் இல்லத்துல சேத்துடலாம்னு எங்க அக்கா ஒத்தக்கால்ல நிக்கிறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஒத்துக்கல. ஆறு வருஷமா ஒரு நாள் தவறாம, மதியச் சூப்பை இறக்கி வெச்சுட்டு, அந்தப் பழைய சுழற்றுற போன்ல என் செல் நம்பரை மனப்பாடமா சுத்தறாங்க. என் நம்பர் அவங்க விரல்ல இருக்கற வரைக்கும் சிலிஸ்ட்ராவுல அவங்க வீட்லயே இருக்கட்டும், போன் வராத அன்னிக்கு நானே கையெழுத்துப் போடறேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்.” “எதை மறந்தாலும் என்னை மறக்கல. கடவுளுக்கு நான் தினமும் நன்றி சொல்றது அதுக்குத்தான்.”

ரும்யானா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடம் ஆனது. அந்த வரிக்கு எதிரே இன்னும் பூஜ்யம்தான்.

“பாத்தியா? அழிச்சிடு.”

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கு சார்.”

“என்னம்மா பிடிவாதம் இது? நகரு, நானே பண்றேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று திரை கேட்டது. அவர் விரல் மவுஸின் மேல் இருந்தபோது பையில் செல்போன் அடித்தது.

“அம்மா!” முகம் முழுக்கச் சிரிப்போடு ஜன்னல் பக்கம் போனார். “நூறு வயசு இருக்கணும்மா. பாலாடைக்கட்டி வெச்சு பனிட்சா சுட்டியா?”

“சுட்டேன் ஓகி, கருகிடுச்சு. ஓரத்தை வெட்டிட்டுச் சாப்டேன். நீ சாப்டியா?”

“இனிமேதாம்மா.”

“வேலை வேலைன்னு பட்டினி கிடக்காதே. நாளைக்குப் பேசறேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து மவுஸைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று இருந்தது. நேரம், பன்னிரண்டு ஏழு. அழைப்பு வந்த ஊர், சிலிஸ்ட்ரா.

முதல்முறையாக அந்தப் பேய் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். அவருடைய எண்ணேதான், கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் முன்னும் பின்னும் மாறியிருந்தன.

“அவங்க உங்க நம்பரை மறக்கல சார்,” என்றாள் ரும்யானா மெதுவாக. “ஆறு வருஷம் முன்னாடி எழுதிக்கும்போதே மாத்தி எழுதிட்டாங்க, அதுவே மனப்பாடம் ஆயிடுச்சு. ‘என் மகன் நம்பரே எனக்குத் தெரியாமப் போச்சா?’ன்னு நம்ம புகார் போன்ல என்கிட்ட அழுதாங்க. அவன்கிட்ட சொல்லிடாதேன்னு வேற கெஞ்சினாங்க. ‘தப்பு உங்க மேல இல்லம்மா, எங்க மெஷின்லதான், சரி பண்ணிட்டோம்’னு சொல்லிட்டு... சரி பண்ணிட்டேன்.”

அவர் சாக்லேட் பெட்டியை அப்படியே அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு பொறுப்பாளர் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: ‘ஓக்னியான், ஸ்தான்காவின் மகன்.’