பிலாஸ்பூர்

மூன்றாம் முறையும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு குமாஸ்தா தலையை ஆட்டினார்.

அர்த்தனாரி என்று யாரும் இல்லை.

அவன், அண்ணனின் பெயரைப் பிரித்துப் பிரித்துச் சொன்னான். போனில் அண்ணனின் படத்தைக் காட்டினான். போர்வெல் வண்டியின் இரும்புக் குழாய் சரிந்து இடுப்பில் விழுந்ததைக் கையால் நடித்துக் காட்டினான்.

குமாஸ்தா எழுந்து உள்ளே போனார். வார்டு வார்டாகக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

இல்லை.

சுவரோரத்து பெஞ்சில் அண்ணி கோகிலா உட்கார்ந்திருந்தாள். நேற்று மதியம் ஈரோட்டில் ஏறியது. இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. மடியில் இருந்த பைக்குள் அண்ணனின் ஸ்வெட்டர்.

ராத்திரியில் குளிர் தாங்கவில்லை, சுற்றிலும் மலை என்று போன வாரம் அண்ணன் சொன்னாராம். ரயிலில் அவள்தான் சொன்னாள். அவன் சரி என்று கேட்டுக்கொண்டான்.

இந்த ஊரில் மலை இல்லை. மாலை ஆறு மணிக்கும் வியர்த்தது.

அவன், அண்ணனுடன் ஆஸ்பத்திரியில் இருந்த போர்வெல் வண்டி டிரைவர் கந்தப்பனை போனில் அழைத்தான். அவருக்கு இந்தி வரும். போனை குமாஸ்தாவிடம் நீட்டினான்.

குமாஸ்தா பேசினார். பேச்சு சட்டென்று நின்றது. அவனை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு தன் போனில் வரைபடத்தைத் திறந்து, ஒரு புள்ளியில் விரலை வைத்தார். இங்கே நிற்கிறாய் என்பதுபோலத் தரையைக் காட்டினார்.

விரல் மேலே நகர்ந்தது. இன்னும் மேலே. டெல்லியைத் தாண்டியது. மலைகளுக்குள் போய் நின்றது.

அங்கேயும் ஒரு பிலாஸ்பூர்.

ஆயிரத்து நானூறு கிலோமீட்டர்.

முந்தாநாள் டிக்கெட் போட்டது அவன்தான். நான்கு எழுத்து அடிப்பதற்குள் பெயர் வந்து நின்றது. ஈரோட்டிலிருந்து நேராகப் போகும் வண்டி. இரண்டே இரண்டு இடம் மிச்சம். எந்த மாநிலம் என்று கந்தப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் இடம் போய்விடும் என்று அழுத்திவிட்டான்.

இத்தனை அவசரத்திலும் சீட் வாங்கிவிட்டானே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவனுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

போன் அவன் கைக்குத் திரும்பி வந்தது. மறுமுனையில் கந்தப்பன்.

"தம்பி, இருங்க. அவனே பேசோணும்ங்கறான்."

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு அண்ணன்.

"வந்துட்டீங்களாடா?"

அவன் வாயைத் திறந்தான்.

"வந்துட்டமுங்கண்ணா. கீழதான் நிக்கறோம். இப்ப உள்ள உட மாட்டாங்களாமா. காத்தால மேல வர்றோம்."

சொல்லிவிட்டுத் திரும்பினான். கோகிலா பின்னால் நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. குமாஸ்தாவின் மேசையில் வரைபடம் இன்னும் திறந்தே கிடந்தது.

அவள் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

கையை நீட்டினாள். கொடுத்தான்.

"ஆமாங்க மாமா. கீழயேதான் இருக்கறேன். நீங்க தூங்குங்க."

போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

டெல்லி வண்டியில் முன்பதிவில்லாத பெட்டிதான் கிடைத்தது. கதவோரம் நின்றார்கள். பாதி இரவுக்கு மேல் யாரோ ஒரு கிழவர் நகர்ந்து அவளுக்கு மட்டும் தரையில் இடம் விட்டார். அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஜான்சி தாண்டியதும் போன் அடித்தது. கந்தப்பன்.

அவன் கழிவறைப் பக்கம் ஒதுங்கி எடுத்தான்.

"தம்பி… உங்கண்ணன் போயிட்டானுங்க."

அவன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கந்தப்பன் அழுதுகொண்டே சொன்னார்.

"ராத்திரியெல்லாம் நர்சுங்ககிட்டச் சண்டை. எம்பொண்டாட்டி கீழ நிக்கறா, ஏன் உட மாட்டேங்கறீங்கன்னு. அசையவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாருங்க. காத்தால நான் மருந்து வாங்கப் போன நேரத்துல எந்திரிச்சிருக்கான். மாடிப்படி வரைக்கும் நடந்துட்டானுங்க தம்பி… அங்கயே சரிஞ்சுட்டான்…"

வண்டி ஒரு பாலத்தில் தடதடத்தது.

திரும்பி வந்து அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

இரண்டு ஸ்டேஷன் போயின.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவனை நேராகப் பார்த்தாள். இந்த வண்டியில் ஏறிய பிறகு இப்போதுதான் அப்படிப் பார்த்தாள்.

"தம்பி, நான் கீழ நிக்கறேன்னு சொன்னத நம்பிட்டாருல்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நம்பிட்டாருங்கண்ணி."