கேட்டுத்தான் செய்வாள்

"எழிலு, தல வாரட்டுமா?" என்று கேட்டாள் முத்தம்மாள். முப்பது வயது எழிலரசி யோசித்துத் தலையாட்டினாள். அதன் பிறகுதான் அம்மா சீப்பை எடுத்தாள்.

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக வேலை செய்யும் லாவண்யா, சேக்காட்டில் இருந்த அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் இவங்களக் கேப்பீங்களாம்மா?"

"பின்ன? அவ ஒடம்பு. கேக்காம தொட நான் யாரு?"

"மத்த பெத்தவங்க, 'அதுக்கு இன்னா தெரியும், அதப் போயி கேக்கச் சொல்றியே'ன்னு என்னத் திட்றாங்க. நீங்க வந்து அவங்ககிட்ட பேசணும்."

"நான் இன்னாத்தப் பேசறது, போ கண்ணு."

லாவண்யா வந்தது எழிலரசியின் கல்யாண விஷயமாக. திருமழிசையில் அவளோடு அட்டைப்பெட்டி ஒட்டும் வரதனும் அவளைப் போலவே அறிவுசார் மாற்றுத்திறனாளி.

"எழில், வரதன ஏன் கட்டிக்கணும்னு தோணுது உங்களுக்கு?"

"அது நான் பேசறத கேட்டுகினே இருக்கும். அப்பறம் பாப்பா பெத்துப்போம். அம்மா, பாப்பா பொறக்கும்ல?"

முத்தம்மாள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். லாவண்யா பின்னாலேயே போனாள்.

"பயப்படாதீங்கம்மா. இவங்களும் பெத்து வளக்கலாம். கூட நின்னு சொல்லிக் குடுக்க நாங்க இருக்கோம்."

"அப்ப அவளுக்குப் பதினாலு வயசு. மாசாமாசம் துணி மாத்தத் தெரியல. கர்ப்பப்பைய எடுத்துடலாம்னு சொன்னாங்க. வயித்துவலிக்கு ஊசின்னு பொய் சொல்லி நான்தான் இட்டுகினு போனேன்."

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கு அவளக் கேக்கல, கண்ணு. அதுக்கப்பறந்தான் எல்லாத்தையும் கேக்கறேன்."